அந்தியில் உளி தீட்டிய விவரம்

இயேசு மரி சூசை துணை

அன்னூர்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அன்னூரிலிருந்து உன் சித்தப்பா சூசைராஜ் எழுதுவது. முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை, ஆனால் இன்றைக்கு அந்த முறையை ஒரு வரி தள்ளி வைக்கிறேன். உன் அம்மா இந்த நிமிஷம் உள் அறையில் சாய்ந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உப்பில்லாத ரசத்துக்காக உன் சித்தியைத் திட்டுவது பட்டறை வரைக்கும் கேட்கிறது. இனி முறைப்படி, நாங்கள் இங்கே இருக்கிறோம், நீ மஸ்கட்டில் சுகமாக இருக்க சூசையப்பரிடம் தினமும் கேட்கிறேன், அவரும் தச்சர் நானும் தச்சன், பேரும் ஒன்று, மற்றவர்கள் மனு போய்ச் சேர்வதற்கு முன்னால் என்னுடையது போய்ச் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவை நீ வீடியோவில் பார்த்துவிட்டாய், உயிரோடு இருப்பதை நம்பிவிட்டாய், ஆனால் நாங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மாட்டேன் என்கிறாய். அன்னைக்கு என்னதான் நடந்துச்சு, என்கிட்ட எதை மறைக்கறீங்க என்று நேற்றும் கேட்டாய். உன் அப்பா போனைப் பிடித்தால் இரண்டு வார்த்தையில் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார், நான் பிடித்தால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். சாமியானாக்காரர் நிஜாம் அண்ணன் மகன் ஆரிஃப் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான், உன் கையிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளில் ஹெட்மாஸ்டர் கண்ணீர் விட்டார் என்பது ஊருக்கே தெரியும், உன் அப்பா மட்டும் அது ஆனந்தக் கண்ணீர் என்பார். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஹாஸ்டலுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, நம் பட்டறைப் பழக்கம் ஒன்றை நினைவுபடுத்தினால்தான் உனக்கு மற்றது புரியும். சாவுப் பெட்டியின் மூடியில் சிலுவை வெட்டிய உளியை நாம் அப்படியே அலமாரியில் வைப்பதில்லை, அன்றைக்கு அந்தி சாயும்போதே கல்லில் போட்டு, அந்தச் சாவு உளியின் கூர்முனையை விட்டுப் போகும் வரை தீட்டித்தான் வைப்போம், அப்போதுதான் மறுநாள் அதே உளியைத் தொட்டிலுக்கும் அலமாரிக்கும் எடுக்கலாம். மற்ற வேலைக்கெல்லாம் காலையில் தீட்டுவதோடு சரி. அதனால் தெருவில் காலையில் கல் சத்தம் கேட்டால் உன் அப்பா பேரைச் சொல்லி தேவதாஸ் வேலைக்கு உட்கார்ந்தாச்சு என்பார்கள், அந்தியில் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு ஆருங்க போனது என்று வெளியே வருவார்கள். உன் அப்பா தீட்டுவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். நான் தீட்டினால் சத்தமே வராது, அத்தனை மெதுவான கை, போன வருஷம் தாராபுரத்து மர வியாபாரி ஒருவர் சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று என் உளியை எடுத்து மீசையில் வைத்தார், பாதி மீசை போனது வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அது கிடக்கட்டும். உளியின் முதுகைக் கல்லில் படுக்கப் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குவது, அப்புறம் சரிவை வைத்து ஒரே சாய்மானத்தில் தள்ளி இழுப்பது, மறுபக்கம் நூல் மாதிரி பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் திருப்பி அதை வழித்து எடுப்பது, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் சில இழுப்பு, இவ்வளவுதான் வேலை. ஆனால் கை ஒரு நூல் மேலே எழும்பினாலும் கூர் உருண்டுவிடும். கிரைண்டரில் வைத்தால் நொடியில் முடியும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், சூடு ஏறி முனை நீலம் பாரித்தால் இரும்பின் பதம் போய்விடும் என்று உன் அப்பா ஒத்துக்கொண்டதே இல்லை. அதில் அவர் சொல்வதுதான் சரி, இதை அவரிடம் சொல்லாதே.

அன்றைக்கு நடந்தது இதுதான். அம்மா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பகலெல்லாம் அப்பா பக்கத்தில் இருப்பார், சாயங்காலம் உன் சித்தி போய் மாற்றுவாள். படுத்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, வீட்டில் இருந்தவரை சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்ததும்தான் நல்ல தூக்கம் வந்தது. உன் அப்பா அந்தச் சாய்மானத்தை ஒரு நியூஸ்பேப்பரை மடித்து அளவெடுத்துக்கொண்டார். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொன்னதும் இரும்புக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன், உன் அம்மா அதெல்லாம் வேண்டாமுங்க தம்பி, அந்தக் கட்டில் ஊட்டுக்குள்ள வந்தா நான் நோயாளின்னு ஆயிருவேன் என்றுவிட்டார். அதனால் மரத்திலேயே ஒரு சாய்வுப் பலகை, தேவைக்கு ஏற்றி இறக்குவது மாதிரி, அப்பாவே செய்வது என்று முடிவு. அன்னூர் பஸ்ஸை விட்டு அவர் இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. முகத்தைக் கழுவினார், காப்பியைத் தள்ளி வைத்தார், உளிகளை எடுத்துக்கொண்டு கல் முன்னால் உட்கார்ந்துவிட்டார். காய்ந்த வேப்பம்பலகை இரும்பு மாதிரி இருக்கும், கூர் இல்லாமல் அதில் ஒன்றும் நடக்காது. நான் பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். அந்தியில் கல்லைத் தொடுகிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, சாதாரணமாக இல்லாததெல்லாம் தோன்றுகிற எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது. உன் அப்பா கையை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார். பாவம், ஆரோ என்றார். அது பென்ஷன் வாத்தியார்தான், மழைக்காலத்திலிருந்தே படுக்கை என்று நான் சொல்லி, அவர் எத்தனை நல்ல மனுஷர், எனக்குக் கணக்கில் எத்தனை மார்க் போட்டார் என்று நாலு வார்த்தை பேசினேன், இருவரும் அவர் ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். சூசை, மாம்பலகை ரெண்டு கெடக்குதா பாரு, விடியால வந்து பெட்டி கேப்பாங்க என்று சொல்லிவிட்டு அப்பா இன்னும் அழுத்தித் தீட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கேட்டுக் கோயிலில் இன்னும் மெதுவாக மணி அடித்தார்கள். அடுத்து பட்டறை வாசலில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறாய், அதே பென்ஷன் வாத்தியார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் பின்னால் நிஜாம் அண்ணன் வண்டி, நாற்காலியும் பந்தல் கம்பியுமாக. அதன் பின்னால் பாடகர் குழு சாராவும் நாலைந்து பெண்களும் மாலையோடு. சாரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஏனுங்கண்ணா, கிருபாவதி அக்காவுக்கு இப்படி ஆனத எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா என்று ஓவென்று அழுதாள்.

கண்ணு, அவர்கள் கல் சத்தத்தையும் மணியையும் கேட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் உன் அம்மாதான் போய்விட்டார் என்று வந்திருக்கிறார்கள். உன் அப்பா அவர்களைப் பார்த்து நம்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், தனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார். கையில் உளியோடு எழுந்து நின்று எப்பங்க என்று ஒரு சொல் கேட்டார். சாரா அடக்கம் எப்போது என்று கேட்கிறார் என்று நினைத்து அத நீங்கதானுங்கண்ணா சொல்லோணும் என்றாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உளியின் கூரைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ரத்தம் வேட்டியில் இறங்கியது அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை. அதற்குள் சாரா கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா படத்தைப் போட்டுவிட்டாள், நீ பார்த்துவிட்டாய், உன் போன் வந்தது. நீ எங்களிடம் கேட்டு நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று கூப்பிட்டிருப்பாய். உன் அழுகையைக் கேட்டு அவர் அழுதார், அவர் அழுகையைக் கேட்டு நீ அது நிஜம் என்று முடிவு செய்தாய். எங்கள் அப்பா செத்தபோதுகூட உன் அப்பா வாய்விட்டு அழுது நான் பார்த்தது இல்லை. நீ கேட்டது பொய் அழுகை இல்லை, அவர் உன்னை ஏமாற்றவும் இல்லை, அந்த நேரத்தில் அவரைப் பொறுத்தவரை உன் அம்மா இல்லை.

எனக்கு எப்படிப் புத்தி வந்ததோ, ஆஸ்பத்திரியில் இருந்த உன் சித்திக்குப் போன் போட்டேன். அவள் எடுத்தவுடன் அக்கா சட்னி உறைப்புன்னு இட்லியத் தள்ளி வெச்சுட்டு சண்டை புடிச்சிட்டு இருக்காங்க, நீங்க வேற எதுக்குங்க இப்பக் கூப்புடறீங்க என்றாள். ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைத்தேன். அந்தச் சட்னிச் சண்டையைக் கேட்டு ஐம்பது பேர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், ஐம்பது இல்லாவிட்டாலும் முப்பது இருக்கும். மணி அடித்த கோயில் பிள்ளை இன்னாசியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், அவர் அந்தில தேவதாஸ் ஊட்டுக் கல்லு சத்தம் போட்டா நான் ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க, இத்தன வருசமா கல்லுதான எனக்குச் சொல்லுது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று நிஜாம் அண்ணன் நாற்காலியை இறக்கிப் போட்டு எல்லாருக்கும் டீ சொன்னார். அன்றிரவு உன்னிடம் அம்மாவைப் பேச வைத்தோம், மாஸ்க்குக்குள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது, நீ அது சித்தி என்றாய். சாராவைத் திட்டாதே, அவள் இன்னும் நம் வீட்டுப் பக்கம் தலை நிமிர்ந்து வருவதில்லை.

மறுநாள் காலையில் அம்மாவிடம் விஷயத்தை முழுதாகச் சொன்னோம். நர்ஸ் வந்து அதட்டும் வரைக்கும் சிரித்தார். யார் யார் வந்தார்கள், மாலை ரோஜாவா சம்பங்கியா, எல்லாம் கேட்டார். தண்ணிக் குழாய்ச் சண்டைக்காரி வந்தாளுங்களா தம்பி என்றார். முதல் ஆளாக வந்து மண்ணில் புரண்டு அழுதாள் என்று சொன்னேன், அவள் வந்தது உண்மை, புரண்டது நான் சேர்த்தது. அப்பச் செரி, இனி போனாலும் கொறை இல்ல என்று சொல்லி மறுபடி சிரித்தார். உன் அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு உள்ளங்கையில் தையல், உளி பிடிக்க முடியாது. அதனால் சாய்வுப் பலகை என் கையால் ஆனது. பின்னால் முட்டுக்கொடுக்கும் கட்டை உட்காருவதற்கு அடிச்சட்டத்தில் படிப்படியாகக் காடி, அதாவது குறுக்குப் பள்ளம், வெட்ட வேண்டும், காடிக்குள் ஒரு பிசிறு நின்றாலும் கட்டை முழுதாக இறங்காது, அம்மா தூங்கும்போது நழுவினால் பின்னால் சரிந்துவிடுவார். ஒவ்வொரு காடிக்கும் முன்னால் உளியைத் தீட்டி அப்பாவிடம் நீட்டினேன். அவர் இடது கைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், வழுக்கினால் இன்னொருக்கா என்று திருப்பிக் கொடுப்பார், நகத்தில் கடித்து நின்றால்தான் தலையை ஆட்டுவார். நானும் திரும்பப் போய்க் கல் முன்னால் உட்கார்ந்தேன். காலை நேரம்தான், தெருவுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இந்த ஜில்லாவில் அப்படி ஒரு பலகை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது, ஆணி ஒன்றுகூட இல்லை, ஏற்றி இறக்கினால் ஒரு முனகல் இல்லை. முதல் ராத்திரி அம்மா அதில் சாய்ந்து தூங்கினார், அப்பா கீழே பாயில் படுத்துக்கொண்டு கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, எதை மறைக்கிறோம் என்று நீ கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலே எழுதியதில் அங்கங்கே நகாசு வேலை இருக்கும், என் சுபாவம் உனக்குத் தெரியும். இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். இதயம் இருபதுலதானுங்க ஓடுது என்றார். எத்தனைக்கு இருபது என்று கேட்டேன், ரத்தத்தைத் தள்ளும் பலம் நல்ல இதயத்துக்கு அறுபது இருக்கும் என்றார். நீ நர்ஸ், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் தாங்காதாம், மாத்திரைதான், தண்ணீர் அளவு, உப்பு கூடாது. எத்தனை நாள் என்று உன் அப்பா கேட்க மாட்டார் என்பதால் நானே கேட்டேன். நாள் சொல்ல முடியாதுங்க, வெளியூர்ல பிள்ளைங்க இருந்தா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க என்றார். பஸ்ஸில் வரும்போது உன் அப்பா கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ளைக்கு இது முதல் வருசம்டா, ஒப்பந்தம் முடியாம வந்தா வேலைய எடுத்துருவாங்க, எத்தன கஷ்டப்பட்டுப் போனா, ஒண்ணும் சொல்லிப்போடாத என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயால் சத்தியம் எதுவும் செய்யவில்லை, ஆனால் அவர் அதைச் சத்தியமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாக்கை நான் மீறியது இது முதல் தடவை, இதற்கு அவர் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சம்மதம்.

மீறியதற்குக் காரணம் உன் அம்மாதான். வியாழக்கிழமை அப்பா மாத்திரை வாங்கப் போன நேரம் என்னைக் கூப்பிட்டு, தம்பி, அன்னைக்குப் பெமினா ரொம்ப அழுதாளுங்களா என்று கேட்டார். நான் சேர்க்கவும் இல்லை குறைக்கவும் இல்லை, அழுதது அழுதபடி சொன்னேன். அப்புறம், எனக்காக ஒருக்கா அழுதுபோட்டாளுங்க, அன்னைக்கு நான் இருந்தேன், அழாத சாமி, அம்மா இருக்கேன்னு சொன்னேன், அடுத்த வாட்டி அதச் சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேனுங்களே என்றார். அதுக்கு முன்னால ஒருக்கா மொகத்தக் காட்டிட்டுப் போனாப் போதும் என்றார். உடனே என் கையைத் தட்டி, நான் சொன்னேன்னு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாதுங்க தம்பி, எல்லாத்தயும் போட்டுட்டு வந்துருவா என்றார். வரட்டும் என்றும் சொன்னார், வந்துவிடுவாளே என்றும் சொன்னார். அதில் முதலில் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே வா கண்ணு. லீவு கொடுத்தால் லீவில் வா, கொடுக்காவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வா. கையில் படிப்பு இருக்கிறது, வேலை இன்னொரு ஊரில் கிடைக்கும். தங்கம், சென்ட் என்று ஒன்றும் வாங்க நிற்காதே. எந்த நேரம் இறங்கினாலும் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் நிஜாம் அண்ணன் வண்டியோடு நான் நிற்பேன். வாசலில் நின்று அழாதே, நேராக உள்ளே போய் அவர் கால்பக்கம் உட்கார், அவர் சாப்பிட்டாயா என்று கேட்பார், இல்லை என்று சொல். ஏசியில் படுக்கும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. ஆண்டவரும் மாதாவும் உன் வழியெல்லாம் கூட வரட்டும், உன் கால் எங்கும் தடுக்காமல் இருக்கட்டும், நீ வந்து சேரும் வரைக்கும் இந்த வீட்டில் எல்லாரையும் இருக்கிற மாதிரியே வைத்திருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. டிக்கெட் போட்ட பிறகு எனக்கு நேரத்தை மட்டும் சொல். வரட்டுமா, வேண்டாமா என்று போன் செய்து யாரையும் கேட்காதே. கேட்டால் உன் அப்பா வேண்டாம் என்பார், உன் அம்மா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார், பக்கத்தில் அவர்கள் இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் சித்தப்பா
ம. சூசைராஜ்